மூலமும் உரையும்: ஓர் அம்பாசிடரின் ஏசி குறித்து

மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புதுப்பிக்கப்பட்ட அம்பாசிடர் ஒன்றின் உள்பக்கம். ஸ்டீரிங், பெஞ்ச் மாதிரி நீளமான முன்சீட், ஸ்டீரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் தண்டு எல்லாம் அப்படியே. ஆனால் டேஷ்போர்டை அறுத்து, ஏதோ ஒரு புது ஹேட்ச்பேக் காரிலிருந்து கழற்றிய நான்கு ஏசி துவாரங்களைப் பதித்திருந்தார்கள். நடுவில் நீல வெளிச்சத்தில் டிகிரி காட்டும் ஒரு டிஜிட்டல் பேனல். கீழே மாமாவின் ஒற்றை வரி: "நம்ம வண்டிக்கும் இது மாதிரி பண்ணிடலாமா?"

"வேணாம் மாமா" என்று உடனே பதில் போட்டேன். "ஏன்?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. "நல்லா இல்ல" என்று மழுப்பினேன். ஒரு கவிதை பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று மூன்று பக்கம் எழுதுகிறவன், ஒரு டேஷ்போர்டு பிடிக்காததற்குக் காரணம் சொல்ல முடியாமல் நின்றேன். அந்த "ஏன்" என்னும் கேள்விக்கு, ஒரு வருஷம் கழித்து எழுதும் கொஞ்சம் நீளமான பதில் இது.

*

முதலில், எதற்காக அந்த வண்டிக்கு ஏசி.

அத்தைக்கு சிதம்பரம் பழக்கம். நடராஜருக்கு வருஷத்தில் ஆறே அபிஷேகம். முப்பது வருஷமாக முடிந்தவரை ஆறுக்கும் போய்வருகிறவர் அவர். மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், அப்புறம் வெள்ளாற்றுப் பாலம், தாண்டினால் கோபுரம். எப்போதும் இந்த 1986 மார்க் 4 அம்பாசிடரில்தான். இப்போது அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை.

"டாக்ஸில போயிடலாமே அத்தை" என்றேன் ஒருமுறை. "அதுல பள்ளத்துல எறங்குற மாதிரி உக்காரணும்டா. திரும்ப எந்திரிக்க ரெண்டு பேரு புடிக்கணும். இதுல நாற்காலில உக்கார்ற மாதிரி உக்காந்து, நாற்காலில இருந்து எந்திரிக்கிற மாதிரி எறங்கிடுவேன்" என்றார். அம்பாசிடரைப் பற்றி நான் படித்த எல்லா ஏக்கக் கட்டுரைகளையும்விட இது நல்ல விமர்சனம். உயரமான சீட், அகலமாகத் திறக்கும் கதவு, தலைக்கு மேல் தாராளமான இடம். அத்தைக்கு இந்த வண்டி பழம்பொருள் கிடையாது. அவர் உடம்புக்குப் பொருந்துகிற ஒரே வண்டி.

முந்தின வருஷம் ஆனித் திருமஞ்சனம். அதிகாலையில் ராஜசபையில் மகாபிஷேகம் முடிந்து, தரிசனம் ஆக மதியத்துக்கு மேல் ஆகிவிடும். மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஏசி அதற்கு முன்பே செத்திருந்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், பேசிக்கொண்டே வந்த அத்தை பேச்சை நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் கண் சொருகியிருந்தது. புளியமரத்தடியில் நிறுத்தி ஈரத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, அரைமணி நேரம். கடலோரத்து வெக்கையின் சங்கதி இது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காய்வதில்லை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஜன்னலைத் திறந்தால் வருவது காற்று இல்லை, ஆவி. டாக்டர் மதிய வெயிலில் பயணமே கூடாது என்றார். அடுத்த ஆனிக்கு அத்தை டிவியில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொன்ன விதம் எங்களுக்குத் தாங்கவில்லை.

*

ஏசி செத்த கதை சின்னது.

இந்த வண்டியின் ஏசி, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. எண்பதுகளில் பலர் இப்படித்தான் வெளியே கொடுத்து மாட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்த வாயு ஆர்-12, குளோரின் உள்ள சிஎஃப்சி. பல வருஷம் கழித்துக் குளிர்ச்சி குறைந்தபோது, ஒரு பட்டறையில் "கேஸ் இறங்கிடுச்சு, டாப்-அப் பண்ணிடலாம்" என்று இப்போது எல்லா வண்டிக்கும் போடும் ஆர்-134ஏவை அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. கம்ப்ரஸர் இறுகி நின்றது, பெல்ட் கருகியது.

என்ன நடந்தது என்றால்: ஏசியின் ரத்த ஓட்டத்தில் வாயு மட்டும் ஓடுவதில்லை, எண்ணெயும் கூடவே ஓடுகிறது. கம்ப்ரஸருக்கு உயவு அதுதான். ஆர்-12 சாதாரண மினரல் ஆயிலைத் தன்னோடு கரைத்துச் சுற்றிக் கொண்டுவரும். ஆர்-134ஏவுக்கும் மினரல் ஆயிலுக்கும் ஒட்டாது. எண்ணெய் கூலிங் காயிலின் அடியில் போய்த் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு, தன்னையே அரைத்துக்கொண்டு, அந்த இரும்புப் பொடியைக் குழாய் முழுக்க அனுப்பிவைத்தது. குழாயைக் கழற்றியபோது கண்மை மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு வழிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது ஒரு வாசிப்புப் பிழை. முன்னால் இருப்பது எந்தக் காலத்துப் பிரதி, எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பார்க்காமல், நமக்குத் தெரிந்ததை இட்டு நிரப்பிய பிழை.

*

சரி, இனி என்ன செய்வது? பழைய கார் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, மூலவாதிகள். எல்லாம் ஒரிஜினலாக இருக்கவேண்டும். பழைய கம்ப்ரஸரையே தேடிப் பிடி, எங்காவது மிச்சமிருக்கும் ஆர்-12 சிலிண்டரை வாங்கு என்பார்கள். இவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆனால் இரண்டு இடத்தில் தர்க்கம் ஓட்டையாகிறது.

முதல் ஓட்டை: சிஎஃப்சி வாயுக்களைக் குளிர்சாதனத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி. பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் அவருடையதுதான். 1986-ல் இந்த அம்பாசிடர் ஷோரூமைவிட்டு வந்தபோது, அதன் டேங்கில் ஊற்றிய பெட்ரோலிலும் ஈயம் இருந்தது. இந்தியாவில் 2000-ல் ஈய பெட்ரோல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவா என்று எந்த மூலவாதியும் கேட்பதில்லை. பிறகு ஆர்-12 மட்டும் எப்படிப் புனிதமாகும்? சிஎஃப்சி ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதியது 1974-ல். மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987-ல். ஒரு குளோரின் அணு, தான் அடங்குவதற்குள் லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கக்கூடும் என்பது கணக்கு. இந்தியாவில் இந்த வாயுவைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2010 பிறந்தபோது, மருந்து இன்ஹேலர் மாதிரி சில விதிவிலக்கு தவிர, இங்கே அந்தக் கதை முடிந்துவிட்டது. நம் வண்டியின் அசல்தன்மைக்காக வானத்தில் ஓட்டை போடும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டாவது ஓட்டை இன்னும் சுவாரசியமானது. அம்பாசிடருக்கு ஏசி எப்போது மூலமாக இருந்தது? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து, 1950களின் இறுதியில் உத்தர்பாராவில் தயாராக ஆரம்பித்த வண்டி இது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களுக்குக் குளிர்தான் பிரச்சினை. வெக்கைக்கு அந்த வடிவமைப்பு தந்த ஒரே பதில், முன் ஜன்னலின் மூலையில் திரும்பும் முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பினால் ஓடும் வண்டியின் காற்றை மடக்கி முகத்தில் அடிக்கும். அதுதான் இந்த வண்டியின் "ஒரிஜினல் ஏசி". டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கிய கறுப்புப் பெட்டி பின்னால் வந்து சேர்ந்த இடைச்செருகல். மூலவாதிகள் காப்பாற்றச் சொல்வது, எண்பதுகளின் இடைச்செருகலை!

இரண்டாம் கட்சி, மாற்றுவாதிகள். மாமா அனுப்பிய படத்துக்காரர்கள். பழையதைப் பிடுங்கி எறி, புதுக் கார் ஏசியை முழுசாக ஏற்று, டேஷ்போர்டு இடம் கொடுக்கவில்லையா, அறு. இவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: வண்டியில் உட்காரப்போவது மனுஷர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு ரவுண்டு ஓட்டி ஷெட்டில் போடுகிறவர் "வேர்த்தாதான் கிளாசிக்" என்று சொல்லலாம். ஆனி மதியத்தில் அத்தையைக் கூட்டிப்போகிறவன் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் படம் என்னை உறுத்தியது. ஏன்?

*

பதில் சிதம்பரத்தில்தான் கிடைத்தது. தேடிப்போய்க் கிடைக்கவில்லை. அங்கே இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒரு கதையில் கிடைத்தது.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் அதைத் திறக்கவைத்தபோது புற்று மூடிக் கரையான் அரித்திருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றை நீக்கி, தேறியதை எடுத்தார்கள் என்பது மரபு சொல்லும் வரலாறு. சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது பூட்டைத் திறக்கும் காட்சி. இப்போது யோசித்தால், கதையின் நாயகம் திறந்ததற்கு அப்புறம் நடக்காமல்போன ஒரு விஷயம். பாடல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்று அந்த மரபே ஒத்துக்கொள்கிறது. அந்த ஓட்டைகளை நிரப்ப யாரும் புதுப் பதிகம் எழுதி, சம்பந்தர் பெயரைப் போட்டுவிட்டதாகக் கதை சொல்லவில்லை. போனது போனதாக நின்றது.

ஆனால் ஏசி விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியாதே? போனது போனதாக இருந்தால் அத்தை டிவிதான் பார்க்கவேண்டும். அங்கேதான் தமிழ் மரபின் இன்னொரு கருவி உதவிக்கு வருகிறது: உரை. திருக்குறள் இருக்கிறது, பரிமேலழகர் உரை இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. உரை இல்லாமல் நம்மில் பலருக்கு மூலம் எட்டாது. ஆனால் எது குறள், எது உரை என்று யாருக்கும் குழப்பமில்லை. உரையாசிரியர் தன் பெயரில் நிற்கிறார். நாளைக்கு அவர் சொன்னது தப்பென்றால், மூலத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அவர் உரையை மட்டும் ஒதுக்கிவைக்கலாம். ஒதுக்கியும் இருக்கிறோம்.

இடைச்செருகல் இதற்கு நேர் எதிர். அது மூலத்தின் குரலில் பேசும், மூலத்துக்குள் இடம் பிடிக்கும். பிடுங்கினால் சதையோடுதான் வரும்.

மாமா அனுப்பிய படத்தில் என்னை உறுத்தியது இதுதான். அது இடைச்செருகல். அறுத்த டேஷ்போர்டைத் திரும்ப ஒட்ட முடியாது. கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனமும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறது: சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் அசலிலிருந்து பிரித்தறியவும் முடியவேண்டும். நம் உரை மரபு அதை எந்தச் சாசனமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சும்மா விடவில்லை. "கோயில்லயே திருப்பணின்னு உடைஞ்ச கல்ல எடுத்துட்டு புதுக்கல்லு வைக்கிறாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கும்பாபிஷேகம். அங்க யாரும் இடைச்செருகல்னு சொல்றதில்லையே?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். கோயில் அருங்காட்சியகமில்லை, புழக்கத்தில் இருக்கும் இடம். அதனால் புதுப்பித்தல் அதன் இயல்பு. அம்பாசிடரும் புழக்கத்தில் இருப்பதால் மாமா சொல்வது செல்லும். ஆனால் நல்ல திருப்பணிகள் தங்களை மறைத்துக்கொள்ளவில்லை. சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் சிலை மாடத்தில் நிற்கிறது: இது என் காலத்து வேலை என்று கைகூப்பிச் சொல்லிக்கொண்டு. யார், எப்போது, என்ன செய்தார் என்று கல்வெட்டில் வெட்டிவைத்ததால்தான் இன்றைக்குச் சோழர் வேலை எது, நாயக்கர் வேலை எது என்று பிரித்துப் படிக்கிறோம். கையெழுத்துப் போட்ட மாற்றம் வரலாறு ஆகிறது. போடாத மாற்றம் பிரதியைக் கெடுக்கிறது. மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்துவிட்டுத் திருப்பணி என்று சொல்வதும், டேஷ்போர்டை அறுத்துவிட்டு ரெஸ்டோரேஷன் என்று சொல்வதும் ஒரே காரியம்தான்.

"சரி, அப்ப உரை எழுது, பாப்போம்" என்றார் மாமா.

*

எழுதினோம். நானும், முதுநகர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனும். விதி ஒன்றே: கழற்றினால் வண்டி பழையபடி ஆகவேண்டும்.

பழைய கம்ப்ரஸர் போய்விட்டது, அதைக் காப்பாற்ற வழியில்லை. அதன் இடத்தில் சாண்டன் 508 வகைக் கம்ப்ரஸர், ஐந்து சின்ன பிஸ்டன் உள்ளது. தாங்கும் பிராக்கெட்டை இன்ஜினில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலேயே பொருந்தும்படி அண்ணன் செய்தார். கம்பிச் சட்டம் மாதிரி இருந்த பழைய கண்டென்ஸருக்குப் பதில், தட்டைக் குழாய்கள் கொண்ட புது வகைக் கண்டென்ஸர். இது அலங்காரத்துக்கு இல்லை. வெயில் ஏற ஏற ஆர்-134ஏவின் அழுத்தம் ஆர்-12ஐவிட அதிகமாக ஏறும். பழைய கண்டென்ஸரால் அந்தச் சூட்டைக் கழிக்க முடியாது. ஹோஸ், ஓரிங், ரிசீவர் டிரையர் எல்லாம் புது வாயுவுக்கு ஏற்றவை. கூலிங் காயில் புதுசு, ஆனால் அது உட்கார்ந்திருப்பது அதே பழைய கறுப்புப் பெட்டிக்குள். எண்பதுகளின் இடைச்செருகலும் இப்போது இந்த வண்டியின் வரலாறுதான், அதையும் துடைக்க வேண்டாம் என்று தோன்றியது.

பாதி வேலை ஏசியிலேயே இல்லை. கதவு ரப்பர்கள் பொடிந்திருந்தன. இன்ஜின் பக்கத்துத் தகட்டில் ஒயர் போகும் ஓட்டைகள் வழியே சூடு உள்ளே வந்தது. கூரை வெறும் தகரம், வெயிலில் தோசைக்கல். ரப்பர் மாற்றி, ஓட்டைகளை அடைத்து, கூரைத் துணிக்கு உள்ளே சூடு தடுக்கும் ஷீட் ஒட்டிய பிறகுதான் ஏசி வேலையே ஆரம்பித்தது. கடலோரத்தில் காயிலில் சேரும் தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. அது வெளியேறும் குழாய் அடைத்தால் காலடியில் தேங்கித் தரைத்தகட்டைத் துரு தின்னும். அந்தக் குழாயை அண்ணன் இரண்டு முறை ஊதிப் பார்த்தார்.

கடைசியில் வாக்யூம். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது வாயுவோடு சேர்ந்து அமிலமாகும். ஒரு மணி நேரம் பம்ப் ஓடியது. "சட்டுனு கேஸ் ஏத்திடலாம்ணே" என்று அவசரப்பட்டது இன்ஜினியரிங் படித்த நான்தான். "இரு தம்பி. ஈரம் போகட்டும். இதுல அவசரப்பட்டவங்க வண்டிதான் நமக்குத் திரும்ப வருது" என்றார் அவர்.

வாயு ஏற்றியதும் பானட்டுக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம்: என்ன வாயு, எத்தனை கிராம், என்ன எண்ணெய், தேதி. இனி யாரும் தெரியாமல் வேறொன்றை ஊற்ற முடியாது. உரையாசிரியர் பெயர் போட்டாயிற்று. பழைய கண்டென்ஸர், பிராக்கெட், இறுகிப்போன கம்ப்ரஸர் மூன்றும் ஓர் அட்டைப் பெட்டியில், மாமா வீட்டு பரணில் இருக்கின்றன.

*

மற்றவர் வேலையை விமர்சித்துவிட்டு நம் வேலையை விட்டுவிடுவது நியாயமில்லை. குறைகள் இவை.

ஒன்று, விதியை ஓரிடத்தில் மீறினோம். கண்டென்ஸருக்கு மின்விசிறி மாட்ட, முன்பக்கச் சட்டத்தில் இரண்டு துளை போடவேண்டி வந்தது. அடைக்கலாம்தான். ஆனால் போட்டது போட்டதுதான்.

இரண்டு, இன்ஜினின் மொத்த பலமே 50 குதிரைத்திறன் சுமார். அதில் கம்ப்ரஸர் நாலைந்தைத் தின்றுவிடுகிறது. ஏசி போட்டுக்கொண்டு லாரியை முந்த நினைக்கக்கூடாது. சார்ஜிங் போதாமல் ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாற்றம் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும் என்று சாஃப்ட்வேர் வேலையில் தினமும் பார்க்கிறவன், இங்கேயும் கணக்கில் எடுக்க மறந்தேன்.

மூன்று, ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் நின்றால் குளிர்ச்சி இறங்குகிறது, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பின்சீட்டுக்குக் குளிர் பாதிதான் போகிறது. அதனால் அத்தைக்கு இனி முன்சீட்.

நான்கு, இந்த உரைக்கும் ஆயுசு உண்டு. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரத்துச் சொச்சம் மடங்கு. 2016-ல் வந்த கிகாலி திருத்தத்தின்படி இந்தியா 2028-லிருந்து இந்த வகை வாயுக்களைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் யாரோ ஒருவர் எங்கள் வேலையைக் கழற்றி வேறு வாயுவுக்கு மாற்றுவார். கழற்ற முடிகிறபடி செய்ததற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. அவர் வைய வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

1940 மாடல் பேக்கார்டு காரில்தான் முதல்முதலாக ஏசியைக் கம்பெனியே பொருத்தி விற்றது. அதற்கு அணைக்கும் வசதி கிடையாது. வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எங்களுடையதில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. இந்த ஆனியில் அதன் அருமை தெரிந்தது.

தரிசனம் முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். அதே வெயில். பெட்டியிலிருந்து வந்த காற்று முழங்காலில் பட, அத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். போன தடவை பேச்சு நின்ற புளியமரத்தைத் தாண்டினோம். நான் கண்ணாடியில் பார்த்தேன், மாமாவும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கவனிக்கவில்லை, பேச்சு நிற்கவில்லை.

ஆலப்பாக்கம் வந்தபோது வெயில் இறங்கிக் கடற்காற்று எடுத்திருந்தது. அத்தை கையை நீட்டி அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினார். "ஏசி ஓடுது அத்தை" என்றேன்.

"போதும்டா, அத நிறுத்து" என்றார்.